செக்-இன் தரவில் அன்றாட ஒழுங்கைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நகர ஆய்வு, போக்குவரத்து, தரவு அறிவியல் என்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும், இடப்பதிவுத் தரவைக் கையிலெடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை ஃபோர்ஸ்கொயர் என்ற கைபேசிச் செயலியின் நியூயார்க், டோக்கியோ தரவிலிருந்து வருபவை. முன்பின் பழக்கமில்லாதவர்கள் முதல் கேள்வியிலிருந்தே படித்து வருவது நல்லது.

செக்-இன் தரவுன்னா என்ன? ஜிபிஎஸ் தரவும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லை. ஜிபிஎஸ் கருவி சில நொடிகளுக்கு ஒருமுறை தானாகவே புள்ளி வைத்துக்கொண்டு போகும். செக்-இன் அப்படியல்ல. ஒருவர் ஓர் இடத்துக்குப் போய், கைபேசியை எடுத்து, "நான் இங்கே இருக்கிறேன்" என்று தானே அழுத்த வேண்டும். 2009-இல் வந்த ஃபோர்ஸ்கொயரும், அதே காலத்துக் கோவாலாவும் பிரைட்கைட்டும் இப்படித்தான் இயங்கின. பதிவாவது யார், எந்த இடம், எப்போது என்ற மூன்றும், சில சேவைகளில் அது எந்த வகை இடம் என்பதும்.

இதனால் ஒரு லாபம், ஒரு நட்டம். ஜிபிஎஸ் புள்ளிக்கு அது மருந்துக்கடையா, மாடியிலிருக்கும் உடற்பயிற்சிக் கூடமா என்று தெரியாது, செக்-இன்னுக்குத் தெரியும். ஆனால் எப்போது கிளம்பினார் என்பது செக்-இன்னில் இருக்கவே இருக்காது. வந்த நேரம் மட்டுமே உண்டு, அதுவும் அழுத்திய நேரம்தான். ஒருவர் செய்தவற்றில் அவர் சொல்ல நினைத்தது மட்டுமே இந்தத் தரவில் இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

பழகிப் பார்க்க எந்தத் தரவை எடுக்கலாம்?

டிங்சி யாங் குழுவினர் வெளியிட்ட ஃபோர்ஸ்கொயர் தரவு தொடக்கத்துக்கு ஏற்றது. 2012 ஏப்ரல் 12 முதல் 2013 பிப்ரவரி 16 வரையிலான பதிவுகள். நியூயார்க்கில் 1,083 பேரின் 2,27,428 செக்-இன்கள், டோக்கியோவில் 2,293 பேரின் 5,73,703. ஒவ்வொரு வரியிலும் எட்டுப் பத்திகள்: பயனர் எண், இட எண், வகை எண், வகைப் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, நேர மண்டல வித்தியாசம் (நிமிடத்தில்), யூடிசி எனும் உலகப் பொது நேரம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தொகுப்பில் கோவாலா (64 லட்சத்துக்கு மேல் செக்-இன்), பிரைட்கைட் (ஏறத்தாழ 45 லட்சம்) தரவுகள் கிடைக்கும். யாருக்கு யார் நண்பர் என்பதும் அவற்றில் உண்டு. ஆனால் இடத்தின் வகை கிடையாது. எங்கே போனார் என்று தெரியும், எதற்குப் போனார் என்று தெரியாது. அன்றாடச் செயல்களைத் தேடுகிறவருக்கு அது பெரிய குறை.

ஃபைலே ஓப்பன் ஆகலை, எழுத்துப் பிழைன்னு நின்னுடுது. என்ன பண்றது?

வகைப் பெயர்களில் பிரெஞ்சுப் பாணியில் உச்சிக்குறி போட்ட எழுத்து ஒன்று இருக்கிறது. பைதான் நிரல்மொழியில் பாண்டாஸ் நூலகம் கொண்டு படிக்கும்போது குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று விடாமல் லத்தீன்-1 என்று கொடுங்கள். பத்திகளைப் பிரிப்பது டேப், காற்புள்ளி இல்லை. தலைப்பு வரியும் கிடையாது, பெயர்களை நீங்களே தர வேண்டும்.

டோக்கியோவில் ராத்திரி 11 மணிக்கு ரயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதுது. நிஜமாவா?

அது காலை 8 மணிக் கூட்டம். யூடிசி நேரத்தை அப்படியே எடுத்துவிட்டீர்கள். டோக்கியோ 540 நிமிடம் முன்னால் இருக்கிறது. அங்கே திங்கள் காலை 8 என்பது யூடிசியில் ஞாயிறு இரவு 11. மணி மட்டுமல்ல, கிழமையும் பிசகும். வாரநாள், வாரஇறுதி என்று பிரித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

ஏழாவது பத்தியிலிருக்கும் நிமிடங்களை யூடிசி நேரத்தோடு கூட்டினால் உள்ளூர் நேரம் வந்துவிடும். நியூயார்க்குக்கு ஒரே எண்ணை நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். 2012 நவம்பர் 4 அன்று கோடைகால நேரம் முடிந்து -240 என்பது -300 ஆகிறது. வரிக்கு வரி அங்கே இருப்பதையே கூட்டுங்கள்.

கோவாலாவில் இந்தப் பத்தி இல்லை. அட்ச, தீர்க்க ரேகைகளை நேர மண்டல எல்லை வரைபடத்தில் பொருத்தி எடுக்க வேண்டும். 15 பாகைக்கு ஒரு மணி என்று வகுத்துப் பார்ப்பது நாட்டு எல்லைகளில் தவறும். இந்தியா போல அரை மணி வித்தியாசமுள்ள நாடுகளில் கேட்கவே வேண்டாம்.

சுத்தம் பண்ணும்போது எதையெல்லாம் தூக்கணும்?

ஒரே ஆள், ஒரே இடம், 10 நிமிடத்துக்குள் இரண்டு பதிவு என்றால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிரைட்கைட்டில் அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 என்று வரிகள் வரும். அது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடல். இடம் கிடைக்காதபோது விழுந்த வெற்றுப் பதிவு. அவற்றை நீக்கிவிடுங்கள்.

அடுத்து வேகச் சோதனை. ஒரே ஆளின் அடுத்தடுத்த இரு பதிவுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை நேரத்தால் வகுங்கள். நகருக்குள் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டினால் அதில் ஒன்று வீட்டிலிருந்தபடியே அழுத்தியதாக இருக்கலாம். ஃபோர்ஸ்கொயரில் கடந்த 60 நாளில் ஓர் இடத்துக்கு அதிக நாள் வந்தவருக்கு 'மேயர்' பட்டம் கிடைத்தது. அதற்காகவே போகாமல் போட்ட செக்-இன்களும் இருந்தன. தூரத்தைப் பாகைகளைக் கழித்துக் கணக்கிடாதீர்கள். அட்சரேகையில் ஒரு பாகை எங்கும் சுமார் 111 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு பாகை நியூயார்க்கில் சுமார் 84 கி.மீ., டோக்கியோவில் 90 கி.மீ. கோளத்தின் மேல் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தரும் ஹவர்சைன் வாய்பாட்டைப் பயன்படுத்துங்கள்.

ஒரு ஆளுக்கு நாளுக்கு ஒரு செக்-இன்கூட இல்லையே, இதில் என்ன ஒழுங்கைக் கண்டுபிடிக்க முடியும்?

சரியான கேள்வி. நியூயார்க்கில் ஆளுக்குச் சராசரி 210 பதிவு. காலம் 311 நாள். அதாவது நாளுக்கு 0.68. டோக்கியோவில் 250, நாளுக்கு 0.8. ஒரு தனி நாளை எடுத்து "இவர் இன்று என்னென்ன செய்தார்" என்று இந்தத் தரவைக் கேட்டால் பதில் வராது. "இவருடைய வழக்கமான செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்" என்று கேட்டால் வரும். பல வாரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அடுக்கினால், ஒரு வாரத்து ஓட்டையை இன்னொரு வாரம் நிரப்பும்.

எவ்வளவு நுணுக்கமாக மடிப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். வாரத்துக்கு 168 மணி. 210 பதிவை 168 கட்டத்தில் தூவினால் பெரும்பாலான கட்டங்களில் 0 அல்லது 1 இருக்கும். எல்லாரும் எல்லாரிடமிருந்தும் வித்தியாசமாகத் தெரிவார்கள். நாளை ஆறு துண்டாக்கி, வாரநாள், வாரஇறுதி என்று இரண்டாகப் பிரித்தால் 12 கட்டம். அதற்கு இந்தத் தரவு தாங்கும்.

துண்டுகள் சமமாக இருக்கத் தேவையில்லை. முதலில் மொத்தச் செக்-இன்களையும் மணிவாரியாக வரைந்து பாருங்கள். எங்கே பள்ளம் விழுகிறதோ அங்கே எல்லையை வையுங்கள். காலை 8 மணியில் எல்லை வைத்தால் 7.50-க்கு ரயிலேறுகிறவரும் 8.10-க்கு ஏறுகிறவரும் வேறுவேறு ஆட்களாகிவிடுவார்கள். 4–10, 10–14, 14–17, 17–20, 20–24, 24–28 என்ற பிரிப்பு இரண்டு நகரங்களுக்குமே ஓரளவு பொருந்தும்.

24–28 என்றால்? நாள் ராத்திரி 12-க்குத்தானே மாறும்?

நாட்காட்டிக்கு அப்படி. மனிதர்களுக்கு அப்படியல்ல. வெள்ளி இரவு 1 மணிக்கு மதுக்கடையில் இருப்பவருக்கு அது இன்னும் வெள்ளிதான். நள்ளிரவில் நாளை வெட்டினால் அந்த மாலை இரண்டாக உடைந்து, பின்பாதி சனிக்கிழமைக் கணக்கில் சேரும். விடியற்காலை 4 மணியிலிருந்து 4 மணி வரை ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-லும் 2024-லும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலும் நாள் 4 மணிக்குத்தான் தொடங்குகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு: இரவு 11.30, 12.30 இரண்டுக்கும் சராசரி எடுத்தால் பகல் 12 என்று வரும். மணியை வட்டத்தின் கோணமாக மாற்றி, சைன், கோசைன் தனித்தனியாகச் சராசரி எடுத்து, மறுபடி மணியாக்குங்கள்.

250 இட வகை இருக்கு. அத்தனையையும் வைச்சுக்கணுமா?

வேண்டாம். வீடு, வேலை, படிப்பு, சாப்பாடு, மது, கடைகண்ணி, பயணம், பொழுதுபோக்கு, உடற்பயிற்சி, மற்றவை என்று பத்துக்குள் அடக்குங்கள். மதுவைச் சாப்பாட்டோடு சேர்த்தால் நியூயார்க்கின் மாலை நேரமே மறைந்துவிடும், அங்கே அதிகம் வரும் வகையே 'பார்'தான். எந்த வகையை எதற்குள் அடக்கினீர்கள் என்ற பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்திருங்கள். முடிவுகள் விநோதமாக வரும்போது முதலில் திறக்க வேண்டிய கோப்பு அதுதான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வகை என்பது இடத்தின் குணம், போனவரின் நோக்கம் அல்ல. காபிக் கடையில் காபி ஆற்றுகிறவருக்கு அது வேலையிடம். மருத்துவமனை செவிலியருக்கும் அப்படியே. ஒருவர் ஓர் இடத்துக்கு வாரத்தில் நான்கு நாளாவது, ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்தால், அவருக்கு மட்டும் அந்த இடத்தின் வகையை 'வேலை' என்று மாற்றிவிடுங்கள். இந்த ஒரு திருத்தம் தரும் பலனை நுட்பமான வழிமுறைகள்கூடத் தருவதில்லை.

ஒருத்தரோட வீடு எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆய்வுக்குப் பெரும்பாலும் துல்லியமான வீடு தேவைப்படாது. எந்தப் பகுதிக்காரர் என்பது போதும். சோ, மையர்ஸ், லெஸ்கோவெக் மூவரும் 2011-இல் செய்த வழி எளிது: பூமியை 25 கி.மீ.க்கு 25 கி.மீ. சதுரங்களாகப் பிரித்து, ஒருவரின் செக்-இன் அதிகம் விழும் சதுரத்தை எடுத்து, அதற்குள் சராசரி இடத்தைக் காண்பது. கையால் சரிபார்த்தபோது 85% சரியாக இருந்ததாகச் சொன்னார்கள்.

நகருக்குள் இது போதாது. இரவு 8-க்கு மேல் அதிகம் வரும் இடம் வீடு என்று எடுத்தால் பலருக்கு வீடு என்று மதுக்கடைதான் வரும், ஏனென்றால் வீட்டுக்குப் போனதைப் பலரும் பதிவதில்லை. நாளின் கடைசிப் பதிவையும் மறுநாளின் முதல் பதிவையும் சேர்த்து, இரண்டும் அருகருகே விழும் பகுதியைப் பாருங்கள்.

க்ளஸ்டரிங்கா, டாபிக் மாடலா? எது நல்லது?

கே-மீன்ஸ் போன்ற கொத்துமுறை ஒருவரை ஒரே குழுவில்தான் வைக்கும். வாரநாளில் அலுவலகம் போகிறவராகவும் வாரஇறுதியில் ஊர் சுற்றுகிறவராகவும் ஒருவர் இருக்கக் கூடாதா? அதனால் குறையிலா அணிக் காரணிப்படுத்தல் (எதிர்ம எண் வராமல் ஓர் அட்டவணையைச் சில கூறுகளாகப் பிரிப்பது), எல்டிஏ (டாபிக் மாடல்களில் ஒன்று) இரண்டில் ஒன்றை எடுங்கள். இவை ஒருவரைப் பல பழக்கங்களின் கலவையாகப் பார்க்கும்.

முதலாவதைச் செய்யும் விதம்: வரிசைக்கு ஒரு பயனர், 1,083 வரிசை. பத்திகள் 12 நேரக்கட்டம் × 10 வகை, ஆக 120. ஒவ்வொரு கட்டத்திலும் செக்-இன் எண்ணிக்கை. பிறகு ஒவ்வொரு வரிசையையும் அதன் கூட்டுத்தொகையால் வகுங்கள். இதை விட்டுவிட்டால் ஆயிரம் முறை அழுத்திய பத்துப் பேரின் வாழ்க்கையே நகரத்தின் வாழ்க்கையாகத் தெரியும். பைதானின் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் 6 கூறுகளோடு (கூறு என்பது ஒரு பழக்கம்) தொடங்கி ஓட்டுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு கூறையும் 12 × 10 படமாக வரைந்து, கண்ணால் பார்த்துப் பெயர் வையுங்கள்: 'காலை ரயில்–மாலை ரயில்', 'மதியச் சாப்பாடு–அலுவலகம்', 'வாரஇறுதி இரவு' என்பது போல.

எல்டிஏ என்றால் பயனர் ஓர் ஆவணம், 'வாரநாள்-காலை-பயணம்' என்பது ஒரு சொல். இங்கே மட்டும் வரிசையை வகுக்காதீர்கள். அது முழு எண்ணிக்கைகளை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட மாதிரி. பின்னங்களைக் கொடுத்தால் பிழை காட்டாமல் ஓடும், விடை மட்டும் மங்கலாக வரும்.

6 கூறுன்னு ஏன்? 10 வச்சா தப்பா?

தப்பில்லை, ஆனால் நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். ஒற்றைப்படை வாரங்களைத் தனியாகவும் இரட்டைப்படை வாரங்களைத் தனியாகவும் ஓட்டுங்கள். இரண்டிலும் கிடைத்த கூறுகளைக் கோசைன் ஒப்புமையால் (முழுதும் ஒத்தால் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0) ஜோடி சேர்த்துப் பாருங்கள். 0.8-க்கு மேல் ஜோடி கிடைப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 10 கேட்டு 5 மட்டுமே ஜோடி சேர்ந்தால் தரவில் இருப்பது 5-தான்.

"ஆபீஸ், அப்புறம் பார்"னு ஒரு தொடர் அடிக்கடி வருது. இதை ஒரு பழக்கம்னு எழுதலாமா?

அடிக்கடி வருவது மட்டும் போதாது. ஒரு கற்பனைக் கணக்கு: ஒருவருக்கு 100 வாரநாள். 40 நாளில் அலுவலகப் பதிவு, 30 நாளில் மதுக்கடைப் பதிவு, இரண்டும் சேர்ந்து 14 நாளில். இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றாலும் 12 நாளில் சேர்ந்து வரும் (100 × 0.4 × 0.3). 14 என்பது அதைவிடச் சற்றே கூட. நாட்களைச் சீட்டுக் குலுக்குவது போலக் கலைத்துப் பார்த்தால், ஏறக்குறைய நான்கு முறைக்கு ஒரு முறை 14-ஓ அதற்கு மேலோ தற்செயலாகவே வந்துவிடும். இதைப் பழக்கம் என்று எழுத முடியாது.

எனவே ஒவ்வொரு தொடருக்கும் இந்தக் கலைப்பை 1,000 முறை செய்யுங்கள். கலைக்கும்போது ஒருவரின் இடவாரி எண்ணிக்கையும் அந்தந்த நாளின் செக்-இன் எண்ணிக்கையும் மாறக் கூடாது. காரணம்: சிலர் சில நாட்களில் மட்டும் கைபேசியும் கையுமாக இருப்பார்கள், அன்றைக்கு எல்லாமே எல்லாவற்றோடும் சேர்ந்து வரும். உண்மை எண்ணிக்கை 1,000-இல் 950 கலைப்புகளைவிட அதிகமாக இருந்தால் மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான தொடர்களைச் சோதிப்பதானால் வரம்பை 1,000-க்கு 999 என்ற விகிதத்துக்கு உயர்த்திவிடுங்கள். அதற்குக் கலைப்பையும் 10,000-ஆக்க வேண்டும்.

இன்னொன்று. கோப்பில் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டு பதிவும் வாழ்க்கையிலும் அடுத்தடுத்து நடந்தவை ஆகிவிடாது. நடுவில் மூன்று நாள் ஓடியிருக்கலாம். ஒரே நாளுக்குள் (4 மணி நாள்), 6 மணி நேரத்துக்குள் வந்தவற்றை மட்டும் தொடராகக் கோத்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோக்காரங்க ரயில் நிலையத்திலேயே வாழறாங்களா? பாதி பதிவு அதுதான் போல?

அந்தத் தரவில் முதலிடம் ரயில் நிலையத்துக்குத்தான். டோக்கியோவில் ரயில் முக்கியம் என்பது உண்மை. கூடவே, நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தில் கையில் வேறு வேலை இல்லை, கைபேசி இருக்கிறது. முதல் பதிலில் சொன்னதுதான் இது. அதனால் இரண்டு நகரங்களின் வகைப் பங்குகளை நேரடியாக ஒப்பிட்டு "டோக்கியோக்காரர்கள் நியூயார்க்காரர்களைவிடக் குறைவாக வெளியில் சாப்பிடுகிறார்கள்" என்று எழுதாதீர்கள். பயணத்தை நீக்கிவிட்டு, ஒவ்வொரு வகையும் நாளின் எந்த நேரத்தில் உச்சம் தொடுகிறது என்பதை ஒப்பிடுங்கள். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதை இந்தத் தரவு நேர்மையாகச் சொல்லும்.

நியூயார்க்கில் அக்டோபர் கடைசி வாரம் மட்டும் ஏன் கோணலா இருக்கு?

2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் கரையைக் கடந்தது; சுரங்க ரயில் நின்றது, மன்ஹாட்டனின் தென்பகுதி இருளில் கிடந்தது. அதே வாரக் கடைசியில் நேர மாற்றமும் வருகிறது. வழக்கத்தைத் தேடுகிறீர்கள் என்றால் அக்டோபர் 28 முதல் நவம்பர் 10 வரை விலக்கிவிடுங்கள். வழக்கம் குலைவதைப் படிக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு வாரம் பொக்கிஷம். டோக்கியோவில் ஏப்ரல் கடைசி–மே முதல் வாரத்துத் தொடர் விடுமுறையையும் ஆண்டிறுதியையும் இப்படியே கவனியுங்கள். அரசு விடுமுறைகளை வாரஇறுதியோடு சேர்ப்பதே சரி.

மனுஷ நடமாட்டத்தை 93% கணிக்கலாம்னு படிச்சேன். எனக்கு அதுக்குப் பக்கத்திலகூட வரலையே?

அந்த 93% என்பது சாங், பராபாசி முதலியோர் 2010-இல் சொன்னது. அது 50,000 பேரின் கைபேசி அழைப்புப் பதிவுகளிலிருந்து கணக்கிட்ட உச்சவரம்பு. எந்தக் கணிப்பு முறையும் எட்டிக்காட்டிய மதிப்பெண் அல்ல. இடம் என்பது அங்கே கைபேசிக் கோபுர அளவு, நேரம் மணிக்கணக்கு, அதுவும் அடிக்கடி அழைப்பவர்கள் மட்டும். இரவு முழுதும் வீட்டில் இருப்பதும் சரியான கணிப்பாகச் சேரும். செக்-இன்னில் அடுத்து எந்தக் கடை என்று கேட்கிறோம். சலிப்பான, எளிதில் கணிக்கக்கூடிய மணி நேரங்களை யாரும் பதிவதே இல்லை.

உங்கள் எண்ணை ஒரு எளிய அளவுகோலோடு ஒப்பிடுங்கள்: அந்த ஆள், அந்த நேரக்கட்டத்தில் இதுவரை அதிகம் போன இடம். உங்கள் மாதிரி இதைத் தாண்டாவிட்டால் சிக்கலான மாதிரி தேவையில்லை. சோதனைக்கான பகுதியைக் காலத்தால் பிரித்துக்கொள்ளுங்கள், முதல் 8 மாதம் பயிற்சி, மீதி சோதனை என்று. சீரற்றுப் பிரித்தால் எதிர்காலம் பயிற்சிக்குள் கசிந்து மதிப்பெண் பொய்யாக ஏறும்.

பேரே இல்லை, வெறும் எண்தான். வரைபடமா வெளியிடலாம்தானே?

கூடாது. டி மோன்ஜோயே குழுவினர் 2013-இல் 15 லட்சம் பேரின் கைபேசிப் பதிவுகளில் காட்டினார்கள்: இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் 95% பேரைத் தனித்து அடையாளம் காட்டப் போதும். செக்-இன்னில் எந்தக் கடை என்பதே இருக்கிறது. உடற்பயிற்சியைப் பதியும் செயலியான ஸ்ட்ராவாவின் ஓட்ட வரைபடத்தில் ஒருவர் பெயரும் இல்லை. ஆனாலும் 2018 ஜனவரியில் அதை வைத்தே ராணுவ முகாம்கள் எங்கே என்று பார்த்துவிட்டார்கள். 10 பேருக்குக் குறைவானவர்கள் வந்த கட்டத்தைக் காட்டாதீர்கள். வீட்டு வகையை வரைபடத்திலிருந்து முழுவதும் எடுத்துவிடுங்கள். இடத்தை 500 மீட்டர் சதுரத்துக்கும் நேரத்தை மேலே சொன்ன துண்டுகளுக்கும் மழுக்குங்கள். தனி ஒருவரின் பாதையை "எடுத்துக்காட்டாக" என்று கட்டுரையில் போடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதற்கு எந்த நியாயமும் இல்லை.

சென்னைக்கோ மதுரைக்கோ இதே மாதிரி செய்ய முடியுமா?

செக்-இன் கொண்டு செய்வது பலவீனமாகவே இருக்கும். தெருமுனை டீக்கடையில், ரேஷன் கடையில், கோயில் பிரகாரத்தில் யாரும் பதிவு போட்டுக்கொண்டிருப்பதில்லை. கிடைப்பது பெருங்கடை வளாகங்களின் ஊராக இருக்கும். மாற்று வழி, தன்னார்வலர்கள். கூகுள் மேப்ஸின் டைம்லைன் இப்போது அவரவர் கைபேசியிலேயே சேமிக்கப்படுகிறது. விருப்பமுள்ளவர்கள் அமைப்புகளுக்குள் போய் அதை ஏற்றுமதி செய்து தரலாம். அதில் கிளம்பிய நேரமும் இருப்பதால் முதல் பதிலில் சொன்ன பெரிய ஓட்டை அடைபடும். ஆனால் இடத்தைக் கருவி ஊகிக்கிறது, பக்கத்துக் கடையைச் சொல்லிவிடும். 2023-இன் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் வைத்து, எதற்கு எடுக்கிறோம், எப்போது அழிப்போம் என்பதை எழுத்தில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

30 பேர், நான்கு வாரம் என்று தொடங்கலாம். அதில் ஒரு வாரம் மட்டும் அவர்களிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் செய்வது போல 4 மணி முதல் 4 மணி வரை அரை மணிக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் ஆய்வாளர்கள் 2012-இல் செக்-இன்களை வைத்துப் பகுதிகளைப் பிரித்தபோது, அங்கே குடியிருக்கும் 27 பேரை உட்கார வைத்துப் பேசித்தான் சரிபார்த்தார்கள். நோட்டில் இருந்து கைபேசியில் இல்லாத செயல்களைத் தனிப் பட்டியலாக எழுதி, முடிவுகளுக்கு முன்பாகவே அறிக்கையில் வையுங்கள். பால் வாங்கியது, குழந்தையைப் பள்ளியில் விட்டது, பக்கத்து வீட்டில் அரை மணி உட்கார்ந்தது எல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.